ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால்

இந்தத் தடவையும் வாய் திறக்கவில்லை என்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பிஎச்.டி. தகுதித் தேர்வுக்கு இரண்டே வாய்ப்பு. முதலாவதை அவள் போன வருடமே கோட்டை விட்டிருந்தாள்.

தெரியாமல் இல்லை. எழுத்துத் தேர்வில் அவள்தான் முதல். ஆனால் போர்டு முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்டால் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். போன வருடம் சாக்பீஸைப் பிடித்தபடி சிலையாக நின்றுவிட்டுத் திரும்பியவள், வீடு வரை அழுதாள்.

"இன்னிக்கு ஏதாவது பேசிடுடி. தப்பாவாவது பேசு" என்று அவளை உள்ளே தள்ளிவிட்டு, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள் அக்கா. தங்கைக்காக வங்கியில் அரை நாள் லீவு.

உள்ளே இரண்டு பேர். ஒருவர் அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி மேடம். இன்னொருவர், மாணவர்கள் எல்லாம் ஒருமனதாக 'முசுடு' என்று பெயர் வைத்திருந்த புரொபசர். இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். துறைக் கூட்டத்தில் டீக்குச் சர்க்கரை எவ்வளவு என்பதில்கூட ஒத்துப்போக மாட்டார்கள்.

"தெர்மோடைனமிக்ஸ் முதல் விதி. சொல்லும்மா" என்றார் முசுடு.

விதி மனசுக்குள் கடகடவென்று ஓடியது. வெளியே ஒரு எழுத்து வரவில்லை.

முசுடு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏசிக்கு என்ன ஆச்சு மேடம்? ஒரேயடியா வேகுது."

"ரிமோட்டைக் காணோம் சார்."

"ஜன்னலைத் தொறங்க."

"வெளிய பள்ளம் தோண்டறாங்க. புழுதி வரும்."

முசுடு மூலையில் இருந்த ஃபிரிட்ஜைப் பார்த்தார். "அப்ப அதோட கதவைத் தொறந்து விடுங்க. ரூமே ஜில்லுனு ஆயிடும்."

அவளுக்குத் தன் காதின் மேலேயே சந்தேகம் வந்தது.

மேடம் சிரித்தார். "அது எப்படி சார் குளிரும்? முன்னாடி வர்ற குளிரும் பின்னாடி வர்ற சூடும் சரிக்குச் சரி. ரூம் இப்படியேதான் இருக்கும்."

அட, மேடமுமா?

"நான் எத்தனை வருஷமா பாடம் நடத்தறேன் தெரியுமா? குளிரும்."

"நானும்தான் நடத்தறேன். அப்படியே இருக்கும்."

"குளிரும் மேடம்."

"இருக்கும் சார்."

அவள் கையில் இருந்த சாக்பீஸ் இரண்டாக உடைந்தது.

"ரெண்டும் இல்ல. சூடாகும்."

இரண்டு பேரும் திரும்பினார்கள். பேசியது தான்தான் என்று அவளுக்கு உறைப்பதற்குள் அடுத்த வாக்கியமும் வந்துவிட்டது.

"மோட்டார் ஓட கரண்ட் வேணும்ல சார்? அந்த எனர்ஜி எங்க போகும்? அதுவும் சூடா மாறி ரூமுக்குள்ளதானே வரும்? உள்ள இருந்து எடுக்கறதைவிட பின்னாடி தள்ளற சூடு எப்பவும் அதிகம். இதைத்தான் சார் முதல் விதி சொல்லுது."

அப்புறம் அவளை யாராலும் நிறுத்த முடியவில்லை. போர்டில் ஃபிரிட்ஜ் வரைந்தாள். மோட்டார் வரைந்தாள். அம்புக்குறிகள் போட்டாள். கூப்பிடாமலே இரண்டாம் விதி வந்தது. முசுடு நடுவில் ஏதோ கேட்க வாயெடுத்தபோது, "இருங்க சார், இதை முடிச்சுக்கறேன்" என்று அவரையே கையமர்த்தினாள். பிறகு அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னாள்.

வராந்தாவுக்கு வந்தபோது அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்தது.

அக்கா பதறி எழுந்தாள். "அழறியா, சிரிக்கிறியாடி?"

"பாஸ் அக்கா. பாஸ் பண்ணிட்டேன்."

அக்கா அவளைக் கட்டிக்கொண்டு, வராந்தா என்றும் பாராமல் ஒரு சுற்று சுற்றினாள்.

"ஆனா ஒண்ணு கேளு. அந்த முசுடுக்கு ஃபிரிட்ஜ் பத்தி ஒண்ணும் தெரியலக்கா. மேடத்துக்கும் தெரியல. இன்னிக்கு நான்தான் அவங்களுக்குப் பரீட்சை வெச்சேன்."

விஷயத்தைக் கேட்ட அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஃபிரிட்ஜ் பின்னாடி சுடும்னு எனக்கே தெரியுமேடி. இவங்களைப் போய் யாருடி புரொபசர் ஆக்கினது?"

"குளிரும் மேடம்" என்றாள் தங்கை, குரலைக் கட்டையாக்கி.

"இருக்கும் சார்" என்றாள் அக்கா.

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே படிக்கட்டு வரை போய்விட்டார்கள். அங்கேதான் கைப்பையை உள்ளேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது.

"நில்லுக்கா, எடுத்துட்டு வந்துடறேன்."

தேர்வு அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. தட்டக் கை ஓங்கியவள் அப்படியே நின்றாள். இடுக்கு வழியாகச் சில்லென்று காற்று வந்து முகத்தில் பட்டது.

முசுடு ஏசிக்கு நேர் கீழே, சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார். கையிலிருந்த ரிமோட்டால் குளிரை இன்னும் கூட்டிவிட்டு, அதை மறுபடி தன் பேண்ட் பாக்கெட்டிலேயே போட்டுக்கொண்டார்.

மேடம் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டு, கதவை அழுத்திச் சாத்தினார்.

"போன வருஷமே இதைப் பண்ணியிருக்கலாம் சார். பாவம், ஒரு வருஷம் வீணாப் போச்சு அந்தப் பொண்ணுக்கு. இப்ப என்ன போடு போட்டா, பாத்தீங்களா?"

"பாத்தேனே. என்னையே இருங்க சார்னுட்டா." முசுடு மடமடவென்று பாதி பாட்டிலைக் காலி செய்துவிட்டு மூச்சு வாங்கினார். "ஆனா அடுத்து இப்படி வாயடைச்சு நிக்கற பிள்ளைக்கு வேற ஏதாவது தப்பு யோசிச்சு வைங்க மேடம். முட்டாளா ஆகறதுகூடப் பரவாயில்ல, இந்த வேர்வைதான் தாங்க முடியல."