கட்டிலுக்கடியில் ஒரு சாட்சி

பழனிவேல் வாசற்படி ஏறியதும், கூடத்தில் படுத்திருந்த நாய் வாலைக் கால் இடுக்கில் செருகிக்கொண்டு கட்டிலுக்கடியில் ஓடி ஒளிந்தது.

சௌந்தரம் அதைப் பார்த்துவிட்டாள். அவள் வந்ததே பார்க்கத்தான்.

தங்கச்சி மங்கலத்துக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க, கடலூர் முதுநகரிலிருந்து காலைப் பாசஞ்சரில் புருஷன் பச்சமுத்துவோடு சிதம்பரம் வந்திருந்தாள். அப்பா போனபிறகு, பெண்ணைக் கொடுப்பதும் கொடுக்காததும் அவள் வாயிலிருந்து வருகிற வார்த்தைதான்.

ரயிலிலேயே பச்சமுத்து சொல்லிவிட்டான். "உந்தங்கச்சிக்கு இதவிட நல்ல எடம் வராது. போனமா, இலையில உக்காந்தமா, வந்தமான்னு இரு."

"உக்காரதும் உக்காராததும் போய்ப் பாத்துட்டு" என்றாள் சௌந்தரம்.

அவள் கல்யாணத்தின்போது அப்பா மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரித்தார், நிலத்தை விசாரித்தார். கை நீட்டுகிற ஆளா என்று மட்டும் ஒருத்தரையும் கேட்கவில்லை. மூன்றாம் மாசமே அதற்குப் பதில் அவள் கன்னத்தில் கிடைத்தது.

மங்கலத்துக்கு அப்படி ஆக விடமாட்டாள்.

"வாங்க" என்றான் பழனிவேல். மாப்பிள்ளைப் பையன் அவன்தான்; மேலவீதியில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். கையெல்லாம் கிரீஸ். வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தவன், உடனே குனிந்து கட்டிலுக்கடியில் எட்டிப் பார்த்தான். உள்ளேயிருந்து உறுமல் வந்தது.

"பேரு டைகராம். ஓடி ஒளியறதப் பாரு" என்று பச்சமுத்து சிரித்தான்.

"நேரமாச்சும்மா" என்றான் பழனிவேல், அம்மாவிடம்.

"ஆவட்டும்டா. வந்தவங்க சாப்புட்டுப் போவட்டும். நீ போய்க் கையக் கழுவு" என்றாள் சின்னப்பிள்ளை.

அவன் கிணற்றடிக்குப் போனான். அந்த நிமிஷமே நாய் வெளியே வந்தது. சின்னப்பிள்ளையின் காலைச் சுற்றிச் சுற்றி வாலாட்டியது. பச்சமுத்து தட்டிலிருந்த பிஸ்கட் ஒன்றைப் போட்டான். தின்றுவிட்டு அவன் கையை நக்கியது.

"பாத்தியா, எங்கிட்ட எப்படி ஒட்டுதுன்னு. நாய்க்கு ஆளு தெரியும்."

"பிஸ்கட்டு தெரியும்" என்றாள் சௌந்தரம்.

நாயின் இடது கண் வீங்கிப் பாதி மூடியிருந்தது. ஓரமெல்லாம் ஈரம். அடி வாங்கின கண் எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"கண்ணுல என்னங்க?"

"அதுக்குக் கண்ணு சரியில்லம்மா. சாப்புடுற நேரத்துல அந்தப் பேச்சு எதுக்கு? எழுந்திரிங்க, இலை போட்டுடறேன்."

மழுப்புகிறாள் என்று சௌந்தரத்துக்குப் பட்டது.

பழனிவேல் கை கழுவிவிட்டுக் கூடத்துக்குள் வந்தான். நாய் ஒரு கத்துக் கத்திவிட்டு, நின்ற இடத்திலேயே ஒண்ணுக்கு விட்டது. கட்டில் வரைக்கும் போகக்கூடப் பொறுக்காமல் சௌந்தரத்தின் புடவைக்குப் பின்னால் வந்து ஒண்டிக்கொண்டது.

அது நடுங்குவது அவள் கணுக்காலில் தெரிந்தது. வாசலில் பச்சமுத்துவின் செருப்புச் சத்தம் கேட்டால் அவளுக்கு வருகிற அதே நடுக்கம்.

போதும். எழுந்துவிட்டாள்.

"இலை போடாதீங்கம்மா. நாங்க கை நனைக்கல."

பெண் வீட்டார் கை நனைக்கவில்லை என்றால் சம்பந்தம் இல்லை என்று அர்த்தம். சின்னப்பிள்ளையின் முகம் சுண்டிவிட்டது.

"என்னம்மா கொறையக் கண்ட?"

பச்சமுத்து முழங்கையால் இடித்தான். "ஏய், சொந்தக் கடை வச்சிருக்கான். வாய மூடிக்கிட்டு உக்காரு."

"நீங்க உக்காருங்க மாமா. எனக்குப் பசியில்ல."

வீட்டுக்குப் போனால் இதற்கு இருக்கிறது. இருக்கட்டும்.

பழனிவேலின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "ஊர்ல நாலு பேர விசாரிச்சோம். எல்லாரும் தங்கமான பையன்னாங்க. ஆனா நீங்க வளக்குற நாயி உங்களக் கண்டா ஒண்ணுக்குப் போவுது. மனுஷங்க பொய் சொல்லுவாங்க, இது சொல்லாது. எந்தங்கச்சியக் கட்டிலுக்கடியில ஒளிஞ்சிக்க அனுப்ப மாட்டேன்."

பழனிவேல் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நின்றான்.

சின்னப்பிள்ளை கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒரு மாசத்துக்கு முன்னால இதுக்கு ரெண்டு கண்ணும் பீளை கட்டி ஒட்டிக்கிட்டுக் கெடந்துச்சும்மா. மாட்டாஸ்பத்திரியில சொட்டு மருந்து குடுத்தாங்க. பீளையத் தொடச்சி, இமையப் பிரிச்சி ஊத்தணும். எரிச்சல் தாங்காம ஊரையே கூட்டும். இவன்தான் வேளாவேளைக்குக் கடைய விட்டுட்டு ஓடியாந்து, ரெண்டு முட்டிக்கு நடுவுல அமுக்கிப் புடிச்சி ஊத்துறான். ஒரு கண்ணு நல்லாயிடுச்சி, இன்னொண்ணும் தேறிடும்னு சொல்றாங்க. எங்க யாருக்கும் அதுக்கு மனசு வரல. பாவம், கத்துதேன்னு விட்டுட்டோம். அதாம்மா எங்களக் கண்டா வாலாட்டுது."