பட்டை பிரமாதம் பாய்

“பட்டைன்னா இது பட்டை பாய்” என்று கண் கலங்கினார் டைட்டஸ். முன்னால் பிரியாணி ஆவி பறந்துகொண்டிருந்ததால், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை புருஷன் தேவானந்தம் தன் தட்டில் பட்டை எங்கே என்று துழாவ ஆரம்பித்தார்.

டைட்டஸ் சொன்னது முக்தார் அகமதுவின் வாட்ச் பட்டையை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் முப்பது வருஷம் தோல் வெட்டி ரிட்டயர் ஆன பாய், தன் கையாலேயே தைத்துக்கொண்ட ஆட்டுத்தோல் பட்டை அது.

உண்மையைச் சொன்னால், அதை நாய்கூட மோந்து பார்க்காது. டைட்டஸின் உயிர் அதில் கோத்திருந்த வாட்ச்சில் இருந்தது. சதுர முகம், அடியில் குட்டியாக ஒரு விநாடி முள், சுத்தமான பதினெட்டு காரட் தங்கம், நாற்பதுகளில் சுவிட்சர்லாந்தில் செய்தது. பாயின் அப்பாவுக்கு எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் தோல் வியாபாரி கொடுத்தது.

தொழுகைக்குக் கை கால் கழுவ பாய் அதைக் கழற்றி வைத்தபோது, பின்பக்க முத்திரையைப் பார்த்துவிட்டார் டைட்டஸ். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. வேலூர் வீட்டு பிஸ்கட் டப்பாவில் பதினோரு தங்க வாட்ச் தூங்குகிறது. மணிக்கொன்றாகப் பன்னிரண்டு ஆக இன்னும் ஒன்றே ஒன்று.

ஆனால் வாட்ச்சைக் கேட்டால் பாய் உஷாராகிவிடுவாரே. அதனால் தொண்ணூற்றெட்டு ஜனவரியில் தொடங்கி எட்டு மாதம், சனிக்கிழமை தவறாமல் ஆம்பூருக்கு ஸ்கூட்டரில் வந்து பட்டையைப் புகழ்ந்தார். மோந்து பார்த்தார், கன்னத்தில் வைத்துக்கொண்டார், தையலை எண்ணி நூற்றுப் பன்னிரண்டு என்று அறிவித்தார். மனம் உருகிப் போய் பாய் பட்டையைக் கொடுக்கும்போது, வாட்ச் கூடவே வந்துதானே ஆக வேண்டும்?

இன்றைக்கு ஸ்கூட்டர் மக்கர் செய்ததால் தேவானந்தத்தின் வண்டியில் வர வேண்டியதாயிற்று. அதுதான் பேஜார். கல்யாணப் பந்தியில் பிஷப்பிடமே, “ஐயா, அந்த லெக் பீஸைச் சாப்பிடப் போறீங்களா இல்லியா?” என்று கேட்ட ஆள் தேவானந்தம். பள்ளிகொண்டாவிலேயே வண்டியை நிறுத்தி, “மாப்ளே, அங்க வாயைத் தொறந்தா சோறு திங்க மட்டும்தான் தொறக்கணும்” என்று எச்சரித்திருந்தார் டைட்டஸ்.

“பாய், இன்னும் கொஞ்சம் ஊறுகாய் கெடைக்குமா?” என்றார் தேவானந்தம். மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தார் டைட்டஸ்.

“கூச்சப்படாம கேளுங்க.” பாய் ஜாடியையே தூக்கிக் கொடுத்தார். “வாய் விட்டுக் கேட்டவங்களுக்கு இல்லேன்னு சொல்ற பழக்கம் எங்க வூட்ல கெடையாது.”

“மணி இன்னா ஆச்சு பாய்?” என்றார் தேவானந்தம் அடுத்து.

பாய் தன் கையைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். “கம்பெனியில ரெண்டு மணி சங்கு இன்னும் ஊதலியே.”

இதெல்லாம் டைட்டஸின் காதில் விழவில்லை. அவர் கடைசி அஸ்திரத்தைத் தயார் செய்துகொண்டிருந்தார். “என் சம்சாரம் எப்சிகிட்ட சொல்லிட்டேன் பாய். நான் போய்ட்டா என் பெட்டியில மாலையும் வேணாம், கோட்டும் வேணாம். இப்படி ஒரு பட்டை கையில இருந்தா போதும்.”

பாய் தன் பட்டையை ஒரு தடவை தடவிப் பார்த்தார். “முப்பது வருஷத்துல ஒரு மேனேஜர்கூட என் வேலையை இப்படிப் பேசினதில்ல சார். போய்க் கை கழுவிட்டு வாங்க.”

டைட்டஸ் பின்கட்டுக் குழாய்க்குப் பறந்தார். தங்கத்தைத் தொடப் போகிற கையாயிற்றே, மூன்று தடவை சோப்புப் போட்டார். திரும்பி வந்தபோது பாய் செய்தித்தாளில் சுருட்டிய ஒரு பொட்டலத்தை நீட்டினார். பிரித்தால் மரியாதையாக இருக்காது என்று அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

மாதனூர் தாண்டியதும் பொறுக்க முடியவில்லை. புளியமரத்தடியில் நிறுத்தச் சொல்லிப் பிரித்தார். உள்ளே எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கிய பட்டை இருந்தது. பட்டை மட்டும் இருந்தது. தாளை உதறினார், கவிழ்த்தார், வெயிலுக்குப் பிடித்துக்கூடப் பார்த்தார்.

“வாட்ச் எங்க?” என்று நெடுஞ்சாலையைப் பார்த்துக் கேட்டார்.

தேவானந்தம் சட்டைப் பையில் கையை விட்டு எடுத்தார். சதுரமாக, மஞ்சளாக, குட்டி விநாடி முள்ளோடு உள்ளங்கையில் மின்னியது.

“ரெண்டு வருஷமா ஓடலியாம் மச்சான். நீங்க கை கழுவப் போனப்ப கேட்டேன், குடுத்துட்டாரு. பட்டைதான் இல்ல… உங்ககிட்ட ஒண்ணு இருக்குதாமே?”