ஆறாவது அருவி

சட்டை இறங்கிவிட்டது.

மாரிச்செல்வி அதைப் பார்த்தபோது வாசலில் வரிசை நகரத் தொடங்கியிருந்தது. அந்த வரிசையில் அவள் அம்மா குருவம்மாளும் நின்றாள்.

நேற்று வரை சட்டை உத்தரத்தை ஒட்டி, யார் கண்ணுக்கும் படாத உயரத்தில் இருந்தது. இரவெல்லாம் சாரல். ஜன்னல்களைச் சாத்தக் கூடாது என்பது கௌரிசங்கர் சாரின் கட்டளை. ஈரம் ஏறிய கனத்தில் நீலத் துணி அடுக்கு மொத்தமும் ஆள் உயரத்துக்குச் சரிந்திருந்தது.

"ஏணி போட்டு ஒரு கட்டு கட்டிருதேன் சார்."

"வேண்டாம்மா. தானா இறங்கினாத்தான் அருவி."

அவர் சென்னைக்காரர். ஐந்தருவி சாலையில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, ஆறாவதாக ஓர் அருவி கட்டியிருந்தார். அதில் தண்ணீர் கிடையாது. குளிக்க வருகிறவர்கள் பீடை கழிய ஆற்றில் விட்டுப் போகும் துணிகளை லாரி லாரியாக வாரி, துவைத்து, நிறம் பிரித்து, தைத்துத் தொங்கவிட்ட அருவி. உள்ளே நடந்தால் நாலு பக்கமும் துணி கொட்டும். காற்றில் அவை உரசுவது தண்ணீர்ச் சத்தம் போலவே கேட்கும்.

புதுத் துணி இல்லை. பசை இல்லை. ஏசி இல்லை. ஆற்றிலிருந்து எடுத்ததில் ஒரு நூல்கூட மறுபடி குப்பைக்குப் போகக் கூடாது.

தைத்தவர்களில் மாரிச்செல்வியும் ஒருத்தி.

சித்திரையில், வேர்களில் சிக்கிக் கிடந்த துணிகள் வந்த அன்று அந்தச் சட்டையும் வந்தது. காலரைத் தொட்டதும் அவள் கை நின்றுவிட்டது. தேய்ந்த காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்தது அவள்தான், தையல் பழகிய புதிதில். ஒரு முனை நீண்டுவிட்டது. அண்ணன் சுபாஷ் அப்படியே போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றினான். "ஏட்டி, ஒத்தக் காதுக்கு மட்டும் கொடி ஏத்தியிருக்கியே" என்பான்.

செங்கோட்டையில் ரயிலேறி வேலைக்குப் போனவன். நாலு வருடமாகப் போன் இல்லை. தேடிப் போனவர்களுக்குத் தடம் இல்லை. அவன் போனபிறகு அந்தச் சட்டையையும் அவள் வீட்டில் பார்க்கவில்லை.

அப்படியானால் அவன் இங்கே வந்திருக்கிறான். வந்து, பக்கத்திலிருக்கும் வீட்டுக்கு வராமல் போயிருக்கிறான்.

அல்லது வந்தவன் போகவே இல்லை.

இரண்டில் எதையும் அம்மாவிடம் சொல்ல முடியாது. அம்மா இன்னும் இரவில் அவனுக்கென்று ஒரு தட்டில் சோறு மூடி வைக்கிறாள். 'படத்துக்கு மாலையைப் போடு' என்று சொன்ன அத்தையோடு பேச்சை விட்டுவிட்டாள்.

சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. எரிக்க மனம் வரவில்லை. மறுபடி ஆற்றில் விடலாம் என்றால், எடுத்ததே அங்கிருந்துதான். காலரை உள்ளே மடித்து, உச்சியில் வைத்துத் தைத்தாள். அந்த மடிப்புதான் இப்போது பிரிந்து தொங்கியது.

வாசலுக்கு ஓடினாள்.

"உள்ள ஒரே புழுக்கம்மா. மயக்கம் வந்துரும். நீ இங்கன உக்காரு."

"ரெண்டு மாசமா தச்சிருக்க. பாக்காமப் போவனா?"

பின்னால் நின்ற ஒரு பெரியம்மா முகத்தைச் சுளித்தாள். "கண்டவன் பீடையெல்லாம் தலைக்கு மேல தொங்குது. செத்தவன் துணியும் கெடக்கும். வெளிய வந்ததும் அருவிக்குப் போயி முழுகணும்."

"முழுகிட்டு, கட்டின சேலைய அங்கன விட்டுட்டு வந்துராதீங்க ஆச்சி," என்றார் ஓர் ஆட்டோக்காரர். "அதையும் இவ எடுத்துத் தச்சிருவா."

வரிசை சிரித்தது. குருவம்மாள் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மாரிச்செல்வி பக்கவாட்டு வழியாக முந்திப் போய், சட்டைக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். ஈரக் காலர் பிடரியில் பட்டது. கை சும்மா இருக்கவில்லை. ரவிக்கையில் குத்தியிருந்த ஊசியை எடுத்தாள், மறுபடி குத்தினாள், மறுபடி எடுத்தாள்.

அம்மா மஞ்சளைக் கடந்தாள். சிவப்பைக் கடந்தாள். வெள்ளை வேட்டிகளின் நடுவே எதையும் பார்க்காமல் நடந்தாள். நீலத்துக்கு வந்ததும் நின்றாள்.

"தள்ளி நில்லுட்டி."

அவள் நகரவில்லை. அம்மாவே அவள் தோளைப் பிடித்து நகர்த்தினாள்.

சட்டையைப் பார்த்து அம்மா அழவில்லை. காலரின் நீண்ட முனையைக் கட்டைவிரலால் உள்ளே மடித்துவிட்டாள்.

"எல்லாம் முடிஞ்சதும் இதையெல்லாம் என்ன செய்வாவ?"

"பஞ்சா அரைச்சு மெத்தையில அடைப்பாவளாம்."

அம்மா தலையாட்டினாள்.

"மூணு வருசம் தலகாணி உறைக்குள்ள வச்சிருந்தேன். போன ஆடிக்கு நான்தான் கொண்டு விட்டேன்."

"அப்ப ராத்திரி மூடி வைக்கிற சோறு?"

"அவன் வருவான்னு நீ பாத்துக்கிட்டே இருக்கியே. அதுக்கு."

மடித்த முனை மறுபடி விரிந்தது. அம்மா அதைத் திரும்ப மடித்தாள். அது திரும்பவும் விரிந்தது.

"ஆத்துல விட்டா போயிரும்னுல்லா நெனச்சேன்."