வேங்கை மர வேலி

காட்டோரத்தில் ஒரு முயலக்கா சர்க்கரைவள்ளி போட்டிருந்தாள். விளைந்த கிழங்குகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பக்கத்துப் புதரில் குடியிருந்த முள்ளம்பன்றி மேல்தான் அவளுக்குச் சந்தேகம். வேலி போடத் தீர்மானித்து, நேரே கறையானிடம் போனாள்.

"உன்னால் தின்ன முடியாத மரம் எது, சொல்லு."

"வேங்கை மரத்து வைரம், அதான் உள்ளே இருக்கிற கெட்டிக் கட்டை. ஆனா மேலே இருக்கிற வெள்ளையைச் செதுக்கி எடுத்துடணும். விட்டுவச்சா ஒரே மழைக்காலத்தில் தின்னு தீர்த்துடுவோம்" என்றது கறையான்.

அவளும் அப்படியே பன்னிரண்டு கம்பங்களைச் செதுக்கி வைத்தாள். குழி தோண்டத்தான் கையில் வலுவில்லை. அதைப் பார்த்த முள்ளம்பன்றி, "திருட்டுப் போகுதாமே அக்கா! நான் தோண்டித் தரேன்" என்று ஓடி வந்தான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கெங்கே தோண்ட வேண்டும் என்று காலால் கோடு கிழித்துக் காட்டினாள்.

பதினோராவது குழியில் மண் பொலபொலவென்று சரிந்தது. அடியில் ஒரு பெருச்சாளி வளை. வளை நிறைய முயலின் கிழங்குகள்.

"அக்கா, திருடன் அகப்பட்டுட்டான்!" என்று குதித்தான் முள்ளம்பன்றி. கிழங்குகளையெல்லாம் அள்ளி வந்து அவள் வாசலில் குவித்தான். பிறகுதான் திரும்பி, தான் தோண்டிய குழிகளைப் பார்த்தான். பதினொன்றும் அவன் புதருக்கு எதிரே ஒரே வரிசையில் இருந்தன. தோட்டத்தின் மற்ற மூன்று பக்கமும் திறந்து கிடந்தது.

நகத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு அவளிடம் திரும்பினான்.

"இன்னும் ஒரு குழி பாக்கி இருக்கு, அக்கா. தோண்டிடட்டுமா?"

முயல் இரண்டு காதுகளையும் இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.