ஒரே மிதிக்கு இரண்டு மூச்சு

ஏலக்காய்க் கிட்டங்கி வாசலில் பெத்துராஜின் ஜெர்மன் கார் பின்மூடி திறந்து நிற்கிறது. தண்ணீர் கேட்காமல் காற்றிலேயே ஆறிக்கொள்ளும் அதன் பின்பக்க இஞ்சினுக்கு, காற்றை இழுத்துப் பெட்ரோலோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் புதுசாகப் பக்கத்துக்கு ஒன்று. இரண்டின் கழுத்திலும் ரோஜா மாலை. நாளைக்குத் தங்கபாண்டியனின் ஜீப்பை முந்திப் போடிமெட்டு மலை ஏறிக் காட்டுவதாகக் கடைவீதி பூராவும் சொல்லிவிட்டார். அந்தத் தங்கபாண்டியனே எதிரில் நிற்கிறார். “ஒரே வீட்ல ரெண்டு மாப்பிள்ளையாண்ணே? ஒத்துப் போவாகளா?” “விஞ்ஞானம் தெரியாதவுக தள்ளி நில்லுங்கப்பா” என்கிறார் பெத்துராஜ். குரலில் மிடுக்குக் குறையவில்லை, ஸ்பேனரைத்தான் கை மாற்றி மாற்றிப் பிடிக்கிறார். முன்சீட்டில் மனைவி ஞானபாக்கியம் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடி இருக்கிறாள். கார் நின்ற இடத்திலேயே நொண்டியடித்துக் குலுங்குகிறது. இடப்பக்கக் கார்புரேட்டர் இழுக்கும் மூச்சில் மாலையின் இதழ்கள் உள்நோக்கிச் சாய்கின்றன. வலப்பக்கத்து மாலை சும்மா தொங்குகிறது. ஆக்சிலேட்டரிலிருந்து அந்தப் பக்கம் வரும் இழுப்புக் கம்பி தொய்ந்திருக்கிறது. பெத்துராஜ் சட்டை கறையாவதை மறந்து மண்டியிட்டு, கம்பியின் நட்டை மெல்ல மெல்லத் திருகுகிறார். வலப்பக்கத்தில் ஓர் இதழ் அசைகிறது. பிறகு மாலையே அசைகிறது. குலுக்கல் அடங்கி, இரண்டு பக்கத்துக் காற்றின் சீறலும் ஒரே சீறலாகிவிட, இரண்டு மாலைகளும் ஒன்றுபோலச் சாய்ந்து நடுங்குகின்றன. பெத்துராஜ் ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டு மாலைகளையே பார்க்கிறார். தங்கபாண்டியன் தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறார். “ஏங்க, காலை எடுத்துரவா?” என்று முன்னாலிருந்து ஞானபாக்கியம் கேட்கிறாள். “எடுத்துறாதீக மதினி” என்கிறார் தங்கபாண்டியன், “இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்.”