இளமை திரும்பும் மாத்திரை

“உங்க மருந்து சரியில்ல டாக்டர். ஒண்ணுக்குப் போனா மறுபடியும் அதே எரிச்சல்,” என்றார் விற்பனைப் பிரதிநிதி, குரலைத் தாழ்த்தி.

“மருந்து சரிதான். உங்க சம்சாரமும் சாப்பிடலைன்னா, அவங்ககிட்டேருந்து உங்களுக்கே திரும்பி வரும்னு சொன்னேனே?”

“குடுத்துட்டேனே!”

“என்னன்னு சொல்லிக் குடுத்தீங்க?”

“வெளியூர்ல தப்புப் பண்ணி வந்த பால்வினை நோய்க்குன்னா சொல்ல முடியும்? சத்து மாத்திரை, அலுப்பே தெரியாது, இளமை திரும்பும்னு அளந்து விட்டேன். நான் பேசினா மயங்காத ஆளே கிடையாது டாக்டர்.”

டாக்டரம்மா, வெளியே உட்கார்ந்திருந்த அவர் மனைவியை உள்ளே அழைத்தார்.

“அவர் குடுத்த மாத்திரையைச் சாப்பிட்டீங்களாம்மா?”

அவள் கணவரைத் தயக்கத்தோடு பார்த்தாள். “திட்டாதீங்க. நீங்க அதோட அருமையைச் சொல்லச் சொல்ல, எனக்கு முழுங்க மனசு வரல. ஊர் ஊரா அலைஞ்சு தேயுறது நீங்கதானே? பொடிச்சு, தினமும் உங்க காப்பியிலேயே கலந்துட்டேன்.”

அவர் அவசரமாக நாற்காலியை விட்டு எழுந்தார்.

“அவ்வளவு நல்ல மாத்திரையா டாக்டர் அது?” என்றாள் அவள்.

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினார். “எதுக்கான மாத்திரைன்னு நீங்களே சொல்லுங்க சார். நீங்க பேசினா மயங்காத ஆளே கிடையாதே!”