துளசிங்கம் வீட்டுப் பாடு

"யார் பாட்டுல யார்றா வலை போடறது?"

நாகப்பன் போட்ட சத்தத்தில் திட்டில் நின்ற கொக்குகள் மொத்தமும் எழும்பிப் பறந்தன.

இரண்டு திட்டுகளுக்கு நடுவே குறுகலான ஓடை. இரண்டு பக்கமும் சிப்பிப் பாறை. கொஞ்சம் அசந்தால் படகின் வயிற்றைக் கிழித்துவிடும். இஞ்சினை அணைத்துவிட்டு, கழியை ஊன்றி ஊன்றி, பூனை மாதிரி வந்திருந்தான் நாகப்பன். வந்து பார்த்தால் ஓடை வாயில் ஞானதாஸ் படகு. வலையும் இறங்கியிருந்தது.

பழவேற்காட்டு ஏரியில் எந்த நாள் எந்த இடம் யாருக்கு என்று ஊர்க்கூட்டத்தில் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அதுதான் பாடு. இன்றைய பாடு துளசிங்கத்துக்கு. அவனோ சிப்பி கிழித்த காலோடு பொன்னேரி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். இதை விட்டால் அடுத்த முறை மழைக்காலம் கழிந்துதான். அதுவரை வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்?

நேற்றுக் கூட்டத்தில் அவன் பெண்டாட்டி பச்சையம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "எங்களுக்காக வேற யாராச்சும் வலை போட்டுக் குடுக்கட்டும்."

முடியாது என்று சட்டம் பேசியவன் நாகப்பன். "வீட்டு ஆள் ஒருத்தர் கயித்துல கை வெச்சாதான் பாடு. இல்லன்னா ஓடை சும்மா கெடக்கணும். பெரியவங்க வெச்ச முறை!" சொல்லும்போது துண்டால் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டான்.

அப்பேர்ப்பட்ட முறையை இந்த ஞானதாஸ் மீறுவதா?

"கத்தாத நாகப்பா. மீன் ஓடிடும்" என்றான் ஞானதாஸ்.

"திருட்டு மீன்தானே, ஓடட்டும்! சர்ச்சுல முதல் பெஞ்சு, ஏரியில இந்த வேலையா? புருஷன் படுத்துக் கெடக்கறான். அந்தப் பொண்ணு வயித்துல அடிக்கிறியே, நல்லா இருப்பியாடா நீ?"

நாகப்பன் தன் காலடியில் சுருண்டு கிடந்த தார்ப்பாயைக் காலாலேயே இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றான்.

"கூட்டத்துல சொல்லட்டா?"

"சொல்லேன்."

நாகப்பன் இதை எதிர்பார்க்கவில்லை. மாட்டிக்கொண்டவன் காலில் விழ வேண்டாமா? அக்கம்பக்கம் பார்த்தான். நீருக்கு மேலே பாறைத் தலைகள். அதிலொன்றில் சிறகை விரித்துக் காயவைத்த நீர்க்காகம். வேறு ஈ, காக்கை இல்லை.

குரல் தானாக இறங்கியது.

"சரி உடு. நீயும் புள்ளக்குட்டிக்காரன், நானும் புள்ளக்குட்டிக்காரன். பாதிய என் படகுல கொட்டு. நான் எதையும் பாக்கல."

"பச்சையம்மாவுக்கு?"

"அதுக்கு இன்னா தெரியப் போவுது?"

ஞானதாஸ் வலையின் மறுமுனையைப் பார்த்தான்.

நீர்க்காகம் சட்டென்று எழுந்து பறந்தது. அது உட்கார்ந்திருந்த பாறைக்குப் பின்னாலிருந்து, துண்டு கட்டிய ஒரு தலை எழும்பியது. பச்சையம்மா. தினமும் ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கிறவளுக்குக் கழுத்தளவு தண்ணீர் ஒரு பொருட்டா? வலைக் கயிறு அவள் மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றியிருந்தது.

"வீட்டு ஆள் கை வெச்சிருக்கேன் மாமா. நீ சொன்னபடியே."

படகில் ஆம்பிளைகளைத் தேடிய நாகப்பனின் கண், தண்ணீரில் ஒரு பொம்பிளை இருப்பாள் என்று நினைக்கவேயில்லை.

"நான்... சும்மாதான்மா. உங்க பாட்டுல எவனாச்சும் பூந்துடப் போறான்னு... காவலுக்கு வந்தேன்."

பச்சையம்மாவின் பார்வை அவன் காலடிக்குப் போனது. இழுத்துவிட்ட தார்ப்பாய் ஒரு பக்கம் விலகியிருந்தது.

"காவலுக்கு எதுக்கு மாமா வலை?"